வந்தாரா, வந்தாராமா?

என் மாமனாரிடம் யாரும் சும்மா ஒரு சேதியைச் சொல்லிவிட்டுத் தப்பித்துப் போக முடியாது.

நான் கல்யாணமாகி மலாக்காவில் காஜா பெராங் வீட்டுக்கு வந்த மறுவாரம் அது. காலையில் பக்கத்து வீட்டில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பசியாறிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

“மாமா, அவங்க வீட்டுக் கோழிய மூசாங் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு.”

மூசாங் என்றால் மரநாய். அவர் ரொட்டியைக் காப்பியில் நனைத்தபடியே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“போயிருச்சா, போயிருச்சாமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீ மூசாங்கப் பார்த்தியாம்மா?”

“இல்லீங்க. அவங்க சொன்னாங்க.”

“அவங்க பார்த்தாங்களா?”

“கூண்டு தெறந்து கெடந்துச்சாம். எறகு கெடந்துச்சாம்.”

“அப்ப, தூக்கிக்கிட்டுப் போயிருச்சாம்னு சொல்லணும். ஒரு ‘ஆம்’ போட்டா என்ன கொறஞ்சு போகும்?”

மறுநாள் பக்கத்து வீட்டார் பொறி வைத்து ஒரு மூசாங்கைப் பிடித்தே விட்டார்கள். நான் ஓடிவந்து, “பிடிச்சத என் கண்ணால பார்த்தேன் மாமா” என்றேன். “ரொம்ப நல்லது. இது ‘ஆம்’ இல்லாத சேதி” என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “ஆனா நேத்துக் கோழியத் தின்னது இதே மூசாங்தானான்னு...” என்று இழுத்தார்.

அடுப்படியிலிருந்து அத்தை கத்தினார்: “அதுகிட்ட ஒரு வாக்குமூலம் வாங்கிட்டு வந்துருங்க!”

அப்படித்தான் எனக்கு அந்த வீடு பழக்கமானது.

மாமா மலாக்காக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். தமிழில் சாட்சி சொல்பவர்களின் பேச்சை ஆங்கிலத்தில் நீதிபதித் துரைக்குச் சொல்லவேண்டும். துரை கேட்பதைத் தமிழில் சாட்சிக்குச் சொல்லவேண்டும். மலாய் தெரியும், சந்தையில் சமாளிக்கிற அளவுக்குச் சீனமும் தெரியும். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. காலையில் பாட்டுக்காரர் மாதிரி உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுத்தான் சைக்கிள் ஏறுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. “நாளெல்லாம் அடுத்தவன் பேச்சப் பேசிட்டு வர்றவருக்குச் சொந்தப் பேச்சு எங்கேருந்து வரும்?” என்று அத்தை சொல்வார்.

அவருடைய வேலையில் ஒரு விசித்திரம். சாட்சி ‘நான்’ என்று சொன்னால் இவரும் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். திருடனுக்குப் பேசும்போது “நான் திருடவில்லை” என்பார். அடிபட்ட பெண்ணுக்குப் பேசும்போது “என்னை என் புருஷன் அடித்தான்” என்பார். குரலில் ஏற்ற இறக்கமே வராது. அழுகிற சாட்சிக்கும் சிரிக்கிற சாட்சிக்கும் ஒரே குரல்தான். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அந்த ‘ஆம்’ அவரைப் பிடித்துக்கொண்டது எப்படி என்பதை என் கணவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆகையால் இது கேட்ட சேதி. ஒரு ரப்பர் தோட்டத்தில் கத்திக்குத்து. கித்தா மரம் சீவுகிற ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறி, “அவன்தான் குத்துனானாம்” என்றாராம். மாமா அதை, ‘அவன்தான் குத்தினான் என்று பிறர் சொல்ல நான் கேட்டேன்’ என்று ஆங்கிலத்தில் நீட்டிச் சொன்னாராம். வக்கீல் பாய்ந்து எழுந்து, சாட்சி சொன்னது இரண்டு சொல்லுக்குமேல் இல்லை, இவர் ஏன் கதை அளக்கிறார் என்று கேட்டாராம். அந்தச் சின்ன ஒலிக்கு ஆங்கிலத்தில் சொல் கிடையாது, ஆனால் அதை விட்டுவிட்டால் ஒரு ஆள் தூக்குமேடைக்குப் போகலாம் என்று மாமா அதே குரலில் சொன்னாராம். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சாட்சியை மறுபடி விசாரித்தபோது, அந்தச் சாட்சி சம்பவத்தன்று ஊரிலேயே இல்லை என்று தெரிந்ததாம்.

இதை நான் ஒரு நாள் மாமாவிடமே கேட்டேன். “பாதி சரி” என்றார். எந்தப் பாதி என்று கடைசிவரை சொல்லவில்லை.

பல வருஷங்கள் கழித்து அவர் படுக்கையில் கிடந்தபோதுகூட இது போகவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “பெரிய டாக்டர் நம்பிக்கையா சொல்லிட்டாரு, சீக்கிரம் எழுந்து நடமாடிருவீங்க” என்று தைரியம் சொன்னார். மாமா கண்ணைத் திறக்காமலே, “சொன்னாரா, சொன்னாராமா?” என்றார். வந்தவர் அசடு வழிந்தார். மாமாவுக்கு அன்று முழுதும் நல்ல மனநிலை.

அத்தை இதற்கெல்லாம் நேர் எதிர். அவருடைய பேச்சில் ‘ஆம்’ என்பதே கிடையாது. நேரில் பார்த்ததும், காதில் விழுந்ததும், கனவில் கண்டதும் எல்லாம் ஒரே உறுதியோடு வரும். இருவருக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. அது என் கணவரின் உயிரைப் பற்றியது.

ஜப்பான்காரன் காலத்தில், என் கணவர் பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பையனாக இருந்தபோது, அவருக்கு மலேரியா கண்டு நினைவு தப்பிவிட்டது. கொயினா மாத்திரைக்கு ஊரெல்லாம் பஞ்சம். அத்தை ஒரு சாயங்காலம் தனியாகப் போய்க் குடைச்சாமி கல்லுக்கு முன்னால் விழுந்து வேண்டிக்கொண்டு வந்தார். மறுநாள் விடியும்போது பையன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். அத்தை கதையை இத்தோடு முடிப்பார்.

“ராத்திரி ரெண்டு மாத்திரையும் கொடுத்தோம்” என்பார் மாமா. “ஆஸ்பத்திரியில தெரிஞ்ச டிரெஸ்ஸர் ஒருத்தர் கொண்டாந்து கொடுத்தாரு.”

“மாத்திரைக்கு முன்னாடியே காய்ச்சல் எறங்கிருச்சு.”

“தொட்டுப் பார்த்தியா?”

“நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா?”

மாமா எழுந்து போய்விடுவார். இவருக்குச் சாமி கிடையாது, இவருக்கு உள்ளதெல்லாம் கோர்ட்டு ஒன்றுதான் என்று அத்தை என்னிடம் முடிவாகச் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குடைச்சாமி கல், கம்போங் செட்டி என்கிற மலாக்கா செட்டிகளின் குடியிருப்பில், ஒரு குடும்பத்தின் நிலத்து மூலையில் இருந்தது. முழங்கால் உயரக் கல். அதன் தலைக்குமேல் எப்போதும் ஒரு குடை விரித்துக் கட்டியிருக்கும். நைந்துபோனால் யாராவது புதிது வாங்கிக் கட்டிவிடுவார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரை எல்லோரும் பாபா என்று கூப்பிடுவார்கள். எழுபது வயசைத் தொட்டவர், சாரோங்கும் கோட்டும் போட்டிருப்பார். மலாக்கா செட்டிகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கும்பிடுவது நம் சாமிகளைத்தான். திருநீறும் உண்டு, படையலும் உண்டு. பேசுவது மட்டும் மலாய். நாங்கள் குடைச்சாமி என்று சொல்வதை அவர்கள் ‘டத்தோ பாயோங்’ என்பார்கள். டத்தோ என்றால் பெரியவர், பாயோங் என்றால் குடைதான். பெயரில் சண்டை இல்லை. பாபா வீட்டு வேலிக்கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் போய்க் கற்பூரம் ஏற்றலாம்.

சுதந்திரம் வரப்போகிறது என்று உறுதியான பிறகு சண்டை வந்தது. ஊரில் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம். நம் ஆட்கள் கூடி, குடைச்சாமிக்கு ஒரு சிறு மண்டபம் கட்டி, அவருடைய வரலாற்றைக் கல்லில் வெட்டி வைப்பது என்று முடிவு செய்தார்கள். இந்த மண்ணில் நமக்கும் பழைய வேர் உண்டு என்று காட்டவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு புலவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு சிறு புத்தகமே எழுதிக் கொடுத்துவிட்டார். சாமி சோழநாட்டில் பிறந்த சித்தர், போர்த்துக்கீசியர் காலத்திலேயே கடல்மேல் வந்தவர், முந்நூறு வருஷம் உயிரோடு இருந்து பிறகு சமாதியானார் என்று அதில் இருந்தது.

அதைப் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த நம் ஊர் இளைஞர் ஒருவர் பத்திரிகையில் எழுதினார்: டச்சுக் கம்பெனிக்காரர்களின் ஆவணங்களில் இப்படி ஒரு ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, குடைச்சாமி என்று ஒருவர் இருந்ததே இல்லை, அது பழைய எல்லைக்கல்.

ஊர் இரண்டுபட்டது. காப்பிக்கடையில் இரண்டு பேர் குவளையைத் தூக்கி எறிந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். இதெல்லாம் காதில் விழுந்ததும் பாபா செய்த காரியம்தான் எல்லோரையும் உலுக்கியது. வேலிக்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டார். பொய்யைக் கல்லில் வெட்டித் தன் நிலத்தில் நடக்கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினார். உண்மை என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை கற்பூரத்தோடு போன அத்தை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அன்று சாப்பிடவே இல்லை.

கடைசியில், எல்லாத் தரப்பையும் ஓர் இடத்தில் உட்காரவைத்துப் பேசிவிடுவது என்று தீர்மானித்து மாமாவிடம் வந்தார்கள்.

“நான் நீதிபதி இல்லீங்க” என்றார் மாமா. “அடுத்தவங்க பேச்ச மாத்திச் சொல்றவன்.”

“அதான் சார் வேணும். பாபா மலாய்ல பேசுவாரு. புலவர் செந்தமிழ்ல பேசுவாரு. தம்பி பாதி இங்கிலீஷ்ல பேசும். ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்கு வெளங்காமதான் இவ்வளவும்.”

மாமா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட மறுநாள் பாபாவிடம் அனுமதி கேட்டு உள்ளே போய், கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலே இருந்த கீறல்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நான் பூப்பறிக்கிற சாக்கில் கூடப் போயிருந்தேன். “எழுத்தா மாமா?” என்றேன். “எழுத்தாவும் இருக்கலாம். எவனாவது கத்தி தீட்டின தடமாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல” என்றார். தெரியவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சமே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் பந்தலில் கூட்டம். பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தோம். நிற்கக்கூட இடமில்லை.

மாமா முதலில் புலவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

“ஐயா, அந்தக் கல்லத் தொட்டுப் பார்த்தீங்களா?”

“மாலை சார்த்தியிருந்தார்கள். அருகே நின்று தரிசித்தேன்.”

“முந்நூறு வருஷம்னு எழுதியிருக்கீங்க. அது எதுல கண்டது?”

“மூன்று நூல்களில் இருக்கிறது.”

“சந்தோஷம். அந்த மூணையும் எழுதினவங்க ஒருத்தர ஒருத்தர் அறியாதவங்களா?”

புலவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையானவர். “இல்லை. முதல் நூலைப் பார்த்துத்தான் மற்ற இரண்டும் எழுதப்பட்டன.”

“முதல் நூல எழுதினவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கப்பலில் வந்த ஒரு பண்டாரம் சொல்லக் கேட்டதாக முன்னுரையில் எழுதியிருக்கிறார்.”

“அப்ப இது மூணு சாட்சி இல்லீங்க. ஒரே சாட்சி, மூணு தடவ பேசியிருக்காரு.” ஒரு பக்கம் கைதட்டல் எழுந்ததும் மாமா கையை உயர்த்தி அடக்கினார். “யாரும் பொய் சொன்னதா நான் சொல்லல. ஐயா கேட்டத எழுதினாரு. ‘ஆம்’ மட்டும் விட்டுப்போச்சு.”

அடுத்து இளைஞரிடம் திரும்பினார்.

“தம்பி, அந்தக் கம்பெனி ஆவணத்துல என்னவெல்லாம் எழுதியிருக்கும்?”

“கப்பல், சரக்கு, வரி, நிலம். பெரிய ஆளுங்களோட வழக்குங்க.”

“குடை ஒண்ணு மட்டும் வச்சிருந்த பரதேசி அதுல வருவானா?”

இளைஞர் சிரித்துவிட்டார். “வரமாட்டான் சார்.”

“அப்ப, அதுல இல்லங்கிறது எத நிரூபிக்குது?”

“ஒண்ணையும் நிரூபிக்கல சார். நான் எழுதினது கொஞ்சம் அதிகப்படிதான்.” அவர் உட்காரவில்லை. “ஆனா ஒண்ணு கேக்கணும். குடை கட்டுற பழக்கம் முதல்ல வந்திருக்கலாம். கல்லுக்கு நிழலா யாரோ குடை கட்டியிருப்பாங்க. ஏன் குடைன்னு பிறகு யாரோ கேட்டிருப்பாங்க. அதுக்குப் பதிலா ஒரு குடைச்சாமிய உண்டாக்கியிருப்பாங்க. பழக்கத்துலேருந்து கதை வந்திருக்கலாமில்லையா?”

மாமா, “இது நல்ல கேள்வி. நான் இத யோசிக்கவே இல்ல” என்றார். இளைஞருக்கே என்னவோ போலாகிவிட்டது.

பாபா எழுந்தார். எல்லோரும் அவர் நிலத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தோம். அவர் தரையைப் பார்த்தபடி மெதுவாக மலாயில் சொல்ல ஆரம்பித்தார். மாமா ஒவ்வொரு வாக்கியமாக வாங்கி, கோர்ட் வழக்கப்படி ‘நான்’ என்றே தமிழில் சொன்னார்.

“நான் பொறக்கறதுக்கு முன்னால, என் தகப்பனார் காலத்துல ஒரு ஆள் வந்தான். எங்கேருந்து வந்தான்னு தெரியாது. கையில ஒரு குடை. வேலிக்கு வெளிய நின்னு தண்ணி கேட்டான். ஊர்ல அப்ப வாந்திபேதி. பயந்து போயி என் தகப்பனார் தண்ணி கொடுக்கல. கம்பெடுத்து வெரட்டினாரு. காலையில பார்த்தா, அந்த ஆள் எங்க வேலி மூலையில செத்துக் கெடந்தான். வெயில் படாம மொகத்துமேல குடைய விரிச்சு வச்சிருந்தான். அவன என் தகப்பனாரே அடக்கம் பண்ணினாரு. அவர்தான் குடையும் கட்டினாரு.”

மாமாவின் குரல், எந்தச் சாட்சிக்கும் மாறாத குரல், “என் தகப்பனார் தண்ணி கொடுக்கல” என்ற இடத்தில் ஒரு தரம் அறுந்தது. செம்பை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மேலே சொன்னார்.

இளைஞர் மரியாதையாகக் கேட்டார்: “இது உங்களுக்கு எப்படித் தெரியும் பாபா? ஊர்ல சொன்னதா?”

“புக்கான் காத்தா ஓராங்” என்றார் பாபா. ஊரார் சொன்னது இல்லை. தகப்பனாரே தன் வாயால் தன்னிடம் சொன்னது என்றார்.

“அப்ப ஏன் இத்தன வருஷமா யாருகிட்டயும் சொல்லல?”

“மாலு.”

அதை மாமா மொழிபெயர்க்கவில்லை. வெட்கம், அவமானம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் என்பது மலாக்காவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

முடிவைச் சொல்லும்படி கூட்டத்தில் குரல் எழுந்தது. மாமா கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

“அதுக்கு முன்னால என்னப் பத்தி ஒண்ணு சொல்லணும். எடை போடறவன் கையில ஏதாவது ஒட்டிக்கிட்டிருந்தா முன்கூட்டியே காட்டிடணும். ஜப்பான் காலத்துல என் மகனுக்குக் காய்ச்சல். விடியறதுக்கு முன்னால கொயினா தேடிப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போனேன். தேடினேன், கெடைக்கல. திரும்பி வர்றப்ப அந்தக் கல்லுக்கு முன்னால நின்னேன். கொஞ்ச நேரம் அழுதேன். அன்னிக்கு ராத்திரி மாத்திரை கெடச்சுது. மறுநாள் புள்ள கண்ணு முழிச்சான். எதனாலன்னு எனக்குத் தெரியாது. ஆனா அங்க நின்னு அழுதவன் நான். அதனால, சாமி இருந்தாருன்னு நான் சொன்னா, அதுல என் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கும். கழிச்சுக்குங்க.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை முந்தானையை வாயில் வைத்திருந்தார்.

மாமா தொடர்ந்தார். “ஒரு மனுஷர் இருந்தாருன்னு நான் நம்பறேன். ஏன்னா, தன் தகப்பனாருக்கு இவ்வளவு அவமானத்தக் கொண்டுவர்ற சேதிய எந்த மகனும் இட்டுக்கட்ட மாட்டான். அதுவும் இத்தன பேருக்கு முன்னால. தகப்பன் வாயிலேருந்து மகன் காதுக்கு வந்திருக்கு. நடுவுல ஒரே ஒரு ‘ஆம்’தான். முந்நூறு வருஷம்னு சொல்றதுக்கு எனக்கு ஆதாரம் தெரியல. அவரு சித்தரா, எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் தெரியாது. தம்பி குடையப் பத்திக் கேட்ட கேள்விக்கு பாபா பதில் சொல்லிட்டாருன்னு நெனைக்கிறேன். முழுசாச் சொல்லிட்டாரான்னு கேட்டா, சத்தியம் பண்ணமாட்டேன்.”

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: “அப்ப கும்பிடலாமா, கூடாதா?”

“அத நான் விசாரிக்கல” என்றார் மாமா.

யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. மண்டபத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இவர் சாமியைப் பரதேசியாக்கிவிட்டார் என்றார்கள். மறுத்துப் பேசிய பையன்கள் இவரும் கடைசியில் கல்லைக் கும்பிடுகிறவர்தானா என்று சிரித்தார்கள். புலவர் மட்டும் புறப்படும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால், அத்தை அவருக்குக் கொஞ்சம் பின்னால், நான் கடைசியில். சடக்கில் தார் உருகிக்கொண்டிருந்தது. அத்தை சண்டை பிடிக்கப்போகிறார் என்று எனக்குப் பயம். பாதி வழியில் அவர் மாமாவின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

“ஏங்க. அன்னிக்கு நான் தனியாத்தான் போயி நின்னேன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

மாமா நிற்கவில்லை. ஆனால் நடையைக் குறைத்தார். அத்தை எட்டி வந்து சைக்கிளின் மறுபக்கம் சேர்ந்துகொண்டார். வீடுவரை இரண்டு பேரும் அந்தச் சைக்கிளைச் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன்.

மண்டபம் கட்டவில்லை. சுதந்திர நாள் வந்தது, தெருவெல்லாம் கொடி கட்டினார்கள், அந்தப் பரபரப்பில் பிளவும் மெல்ல மறந்துபோனது. சில மாதம் கழித்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வந்தது. அதில் தமிழில் குடைச்சாமி என்றும் மலாயில் டத்தோ பாயோங் என்றும் இருந்தது, வேறு ஒரு சொல் இல்லை. அந்த இரண்டு பெயரை எழுதவே ஒரு முழுக் கூட்டம் தேவைப்பட்டது.

பாபா வேலிக்கதவைத் திறந்துவிட்டார். திறந்ததோடு நிற்கவில்லை. தன் தகப்பனார் கம்போடு நின்ற அதே இடத்தில், வேலிக்கு வெளியே, பெரிய தெம்பாயான் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஆள் இடுப்புயரம் இருக்கும், மூடிமேல் ஒரு சிரட்டை அகப்பை. தினமும் காலையில் அவரே கிணற்றிலிருந்து இறைத்து நிரப்புவார். பள்ளிப் பிள்ளைகள் குடித்தார்கள், மீன்காரர் குடித்தார், மூன்று சக்கர டிரைசா ஓட்டுகிற சீனர் குடித்தார். கோர்ட்டிலிருந்து வரும்போது மாமாவும் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஓர் அகப்பை குடிப்பார். பாபா வாசலில் உட்கார்ந்திருந்தால் இருவரும் மலாயில் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் ஆகியிருக்குமா, தெரியாது. செமாபோக்கிலிருந்து ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு வழி கேட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாமாவைப் பார்த்ததும் கேட்டார்.

“ஐயா, குடைச்சாமி தண்ணி இங்கதானே? அதக் குடிச்சா எந்த நோயும் தீர்ந்துருமாமே?”

நான் மாமாவைப் பார்த்தேன். அத்தையும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தாகம் தீரும்மா. அத நான் பார்த்திருக்கேன்” என்றார். குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையை டாக்டரிடம் காட்டினார்களாம். திரும்பி வரும்போது பாபா வீட்டு வேலி ஓரமாக நின்றார்கள்; நான் அப்போது உள்ளே பூப்பறித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கொண்டுவந்திருந்த போத்தலை வாங்கி, சிந்தாமல் நிரப்பிக் கொடுத்தவர் மாமாதான். அதை நான் பார்த்தேன்.